“பரிசீலனையில் உள்ளது”: அமைச்சரின் பதிலை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்டது இதுதான்: “ஒரு ஆணையத்துக்குத் தலைவர் நியமிக்கப்படாமல் இருப்பது பற்றி எங்கள் தொகுதி எம்.பி. மக்களவையில் கேள்வி கேட்டார். அமைச்சர் எழுத்தில் அரைப்பக்கம் பதில் கொடுத்திருக்கிறார். மூன்று முறை படித்துவிட்டேன், அதில் ஒன்றுமே இல்லை. பிறகு எதற்கு இந்தக் கேள்வி நேரம்?”

ஓர் எம்.பி.யின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் கேள்வி எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்லும் பதில்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பதில் உப்புச்சப்பில்லாமல் வருவதற்குப் பாதிக் காரணம் அமைச்சர். மீதிப் பாதி, கேள்வியை எழுதிய என்னைப் போன்றவர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஒன்றுமே இல்லை’ என்று நீங்கள் தூக்கிப்போடும் தாளில் பெரும்பாலும் ஏதாவது இருக்கும்.

முதலில் கேள்வி எந்த வகை என்று பாருங்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன் மேல் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாதது என்றால் எழுத்தில் பதில் வரும், அத்தோடு சரி. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20, குறியிடாதது 230. மாநிலங்களவையில் 15, 160. எந்தக் கேள்வி எந்த வரிசையில் வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, குலுக்கலில் பெயர் விழுந்து, பட்டியலில் நான்காவது ஐந்தாவது இடத்துக்குள் வந்தால்தான் வாய்மொழிப் பதிலுக்கு வாய்ப்பு. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு கேள்விகள் ஓடினாலே பெரிது. 2019 நவம்பரில் ஒரு நாள் இருபது கேள்விகளும் முடிந்தபோது, 1972-க்குப் பிறகு இதுவே முதல் முறை என்று செய்தி போட்டார்கள். எட்டாத கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் வைத்துவிடுவார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது எழுத்துப் பதில் என்பதில் வியப்பு எதுவும் இல்லை.

அந்தப் பதிலை அமைச்சர் எழுதுவதில்லை. கேள்வி அமைச்சகத்துக்குப் போய், சம்பந்தப்பட்ட பிரிவு அலுவலரின் மேசைக்கு இறங்கும். அவர் வரைவு எழுத, மேலே போகப்போக ஒவ்வொரு படியிலும் ஒருவர் ஒரு சொல்லை வெட்டுவார். பொய் சொல்லக் கூடாது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அவையில் தெரிந்தே தவறான தகவல் தந்தால் அவையின் உரிமையை மீறிய குற்றம் ஆகும். கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லிவிடக் கூடாது என்ற பயமும் உண்டு. இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே பிறப்பதுதான் அந்த அரைப்பக்கம். எனவே அமைச்சர்களின் எழுத்துப் பதிலில் பச்சைப் பொய் அபூர்வம், மழுப்பல்தான் அதிகம். மழுப்பலை ஓரளவு அளக்க முடியும். கேள்வியின் எந்த உட்பிரிவுக்குப் பதில் இருக்கிறது, எந்த உட்பிரிவை மற்றதோடு சேர்த்துச் சுருட்டிவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று நான்கையும் ஒன்றாகக் கட்டிப் பதில் தந்திருந்தால், அந்த நான்கில் ஏதோ ஒன்று அவர்களுக்குச் சங்கடமானது. எது என்று தேடுங்கள்.

மழுப்பலிலேயே தலைசிறந்தது ‘கேள்வி எழவில்லை’ என்பதுதான். 2020 செப்டம்பரில் கூடிய கூட்டத்தொடர் நினைவிருக்கும். ஊரடங்கில் ஊருக்கு நடந்தே போன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்று மக்களவையில் கேட்டார்கள். அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகத்தின் பதில். இழப்பீடு? மேற்சொன்னதைக் கருத்தில் கொண்டு அந்தக் கேள்வி எழவில்லை. தர்க்கம் சரிதான்: எண்ணவில்லை, ஆகவே இறந்தவர் இல்லை, ஆகவே இழப்பீடும் இல்லை! கொரோனாவைக் காரணம் காட்டி அந்தத் தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். நேருக்கு நேர் நிறுத்தி, ‘ஏன் எண்ணவில்லை?’ என்று ஒரே ஒரு துணைக் கேள்வி கேட்க முடிந்திருந்தால் அமைச்சர் என்ன சொல்லியிருப்பார்? கேள்வி நேரம் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய நேரடி விடை, அது இல்லாமல் போன அந்தச் சில நாட்கள்தான்.

துணைக் கேள்வியின் மதிப்பு ஆள்பவர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் வைஸ்ராயின் சபையில் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்தபோது துணைக் கேள்விக்கு இடம் தரவில்லை. 1909-இல் கேட்டவருக்கு மட்டும் தந்தார்கள், 1919-க்குப் பிறகுதான் மற்ற உறுப்பினர்களுக்கும். எழுதிவைத்த பதிலை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். அதற்கடுத்த கேள்வியில்தான் அமைச்சருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது வெளிச்சமாகும். அதனால்தான் ஒவ்வொரு நட்சத்திரக் கேள்விக்கும் அதிகாரிகள் துணைக் கேள்விக் குறிப்பு என்று ஒரு கட்டுத் தாளைத் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அதையும் மீறி எதிர்பாராத கேள்வி வந்தால் அதிகாரிகள் மாடத்திலிருந்து சீட்டு பறக்கும். சீட்டு வந்து சேரும்வரை அமைச்சர் தண்ணீர் குடிப்பதையும், ‘மாண்புமிகு உறுப்பினர் மிக நல்ல கேள்வி கேட்டார்’ என்று இழுப்பதையும் நேரலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வியில் தொடங்கி ஓர் அமைச்சரின் நாற்காலியே ஆடிய கதையும் உண்டு, நமக்கு நெருக்கமான கதை. 1957-இல், புதிதாகத் தேசியமயமான எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்திராவின் நிறுவனப் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. மக்களவையில் ராம் சுபக் சிங், பெரோஸ் காந்தி ஆகியோர் இதைக் கிளப்பினார்கள். இருவருமே ஆளும் காங்கிரஸ்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். பெரோஸ் பிரதமர் நேருவின் மருமகன் வேறு. முதலில் வந்த பதில் பிடிகொடுக்கவில்லை. விடாமல் கேட்டார்கள். டிசம்பரில் விவாதமாக வெடித்தது, பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளாவின் விசாரணை ஆணையம் வந்தது. நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், பதவி விலகினார். பிற்பாடு மறுபடியும் அமைச்சராக வந்தார் என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது, அந்த முதல் மழுப்பல் பதில்தான் அடுத்தடுத்த கேள்விகளுக்குப் பிடிமானம் ஆனது என்பதை.

இனி உங்கள் விஷயமான நியமனங்களுக்கு வருவோம். இங்கே கேள்வி கேட்பது தனிக் கலை.

‘இவரை ஏன் நியமித்தீர்கள்?’ என்று கேட்டால் கேள்வி உள்ளேயே போகாது. கருத்துக் கேட்கும் கேள்வி, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், ஊகத்தின்பேரில் எழும் கேள்வி, ஒருவரின் தனிப்பட்ட குணநலன் பற்றியது, எல்லாவற்றையும் விதிகள் தடுக்கின்றன. ஆகவே ‘யார்’ என்பதை விட்டுவிட்டு ‘எத்தனை, எப்போதிலிருந்து, எந்தத் தேதியில்’ என்று கேட்க வேண்டும். எண்ணுக்கும் தேதிக்கும் மழுப்பல் பதில் எழுதுவது கடினம்.

உயர் நீதிமன்ற நீதிபதி நியமனத்தைப் பாருங்கள். காலியிடங்களை நிரப்ப ஏன் தாமதம் என்று கேட்ட எந்த உறுப்பினருக்கும் சட்ட அமைச்சகம் தரும் பத்தி ஒன்றுதான்: இது நிர்வாகமும் நீதித்துறையும் சேர்ந்து செய்யும் தொடர்ச்சியான, ஒருங்கிணைந்த, கூட்டு நடைமுறை. அமைச்சர் மாறினாலும் அந்தப் பத்தி மாறவில்லை. எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் அதே பதிலோடு ஓர் அட்டவணையும் வரும்: நீதிமன்றவாரியாக அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, பணியில் எத்தனை பேர், காலி எத்தனை. நாடு முழுதும் 1,122 இடங்கள், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 75 என்பதெல்லாம் அந்த அட்டவணையில் இருக்கும். பத்தியைத் தாண்டிவிட்டு அட்டவணையைப் பாருங்கள். மூன்று தொடர்களின் அட்டவணைகளை அடுத்தடுத்து வைத்தால் நடைமுறை எவ்வளவு ‘தொடர்ச்சியாக’ நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த உத்தி எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு என் அபிமான உதாரணம் மத்திய அரசின் காலிப் பணியிடங்கள். 2020 மார்ச் 1 நிலவரப்படி 8.72 லட்சம் இடங்கள் காலி என்று ஒரு பதில். 2021 மார்ச் 1 நிலவரப்படி 9.79 லட்சம் காலி என்று இன்னொரு பதில். அனுமதிக்கப்பட்ட மொத்த இடங்கள் 40.35 லட்சம், அதாவது ஏறக்குறைய நாலில் ஒன்று காலி. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் வறட்டுப் புள்ளிவிவரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வருடத்தில் காலியிடம் ஒரு லட்சத்துக்கு மேல் கூடியிருப்பது தெரியும். இதை அமைச்சர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. 2022 ஜூலையில் மக்களவையில் இணையமைச்சர் ஜிதேந்திர சிங் தந்த இன்னொரு எழுத்துப் பதில் இதைவிடக் காரம்: 2014 முதல் எட்டு நிதியாண்டுகளில் மத்திய அரசு வேலைகளுக்கு வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 7.22 லட்சம். ஒருவரே பல தேர்வுக்கு விண்ணப்பிப்பார் என்பதைக் கழித்துக்கொண்டாலும், ஒரு வேலைக்கு முந்நூறு விண்ணப்பம் என்ற கணக்கு மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எந்த எதிர்க்கட்சித் தலைவரின் ஒரு மணி நேரப் பேச்சும் அந்த இரண்டு எண்கள் செய்ததைச் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

மழுப்பலே சாட்சியம் ஆனதற்கு, உயர் பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்பு ஒரு பாடம். சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில். இடையில் ஐந்து வருடம் நாடாளுமன்றத்தில் கேள்விமேல் கேள்வி. பதில் எப்போதும் ஒரே திசையில்: தேர்வுக் குழுவில் மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும், இப்போதைய அவையில் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லை, திருத்த மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. கேட்கச் சரியாகத்தான் இருக்கும். 2014 தேர்தலில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 44 இடம், அவையின் மொத்த இடங்களில் பத்து சதவீதம் தேறவில்லை என்று அந்தப் பதவி தரப்படவில்லை. ஆனால் சி.பி.ஐ. இயக்குநர் தேர்வுக்கும் இதே சிக்கல் வந்தபோது, 2014 நவம்பரிலேயே சட்டத்தைத் திருத்தி, எதிர்க்கட்சிகளில் பெரிய கட்சியின் தலைவர் குழுவில் இருக்கலாம் என்று வைத்துவிட்டார்கள். லோக்பால் சட்டத்தையும் 2016-இல் திருத்தினார்கள், அரசு ஊழியர்களின் சொத்துக் கணக்கு பற்றிய 44-ஆவது பிரிவை மட்டும். எதிர்க்கட்சித் தலைவர் விஷயத்தைத் தொடவில்லை. கடைசியில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன தெரியுமா? குழுவில் ஓர் இடம் காலி என்பதாலேயே நியமனம் செல்லாமல் போகாது என்று சட்டமே சொல்கிறது, திருத்தம் இல்லாமலே நியமிக்கலாம் என்று. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஆயிற்று. வருடாவருடம் அவையில் வைத்த பதில்களை வரிசையாகப் படித்தால், தடையாக இருந்தது சட்டமா மனமா என்று உங்களுக்கே ஒரு முடிவு தோன்றும். எனக்குத் தோன்றிய முடிவை மறைக்கப் போவதில்லை: மனம்தான்.

நியமனம் நடந்து முடிந்த பிறகு கேள்வி வருவதும் உண்டு. 2010 செப்டம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக பி.ஜே.தாமஸ் நியமிக்கப்பட்டார். பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் மூவரும் குழு, சுஷ்மா எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். கேரளாவின் பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் பெயர் இருந்ததுதான் காரணம். 2011 மார்ச் 3-இல் உச்ச நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. ஒருவரின் தனிப்பட்ட நேர்மையைவிட அமைப்பின் நேர்மைதான் பார்க்கப்பட வேண்டியது, குழுவின் முன் உரிய ஆவணங்கள் வைக்கப்படவில்லை என்றது. அடுத்த வாரம் இரண்டு அவைகளிலும் பிரதமரே எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. மக்களவையில் பொறுப்பை ஏற்றார். மாநிலங்களவையில் விளக்கம் கேட்டுத் துளைத்தபோது, குழுவுக்கு வந்த குறிப்பில் அந்த வழக்கு பற்றி இல்லை என்றும், அதைத் தயாரித்தது அப்போதைய இணையமைச்சரின் பொறுப்பில் என்றும் சொன்னார். நீதிமன்றத் தீர்ப்பு நியமனத்தை ரத்துதான் செய்தது. கோப்பு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதைப் பிரதமர் வாயிலிருந்து வரவழைத்தது அவை.

நியமனக் கேள்வி என்றால் நம் ஊருக்கு இன்னும் பழைய உறவு உண்டு. அரசு உத்தியோகத்தில் எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்று சென்னைச் சட்டமன்றத்தில் நீதிக்கட்சி உறுப்பினர்கள் அரசைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1921 செப்டம்பர் 16-இல் வந்த 613-ஆம் எண் அரசாணை, பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், கிறிஸ்தவர், முகமதியர் என்று பிரித்து, புதிதாக நியமிக்கப்பட்டவர்களின் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்றது. அரசு வேலையில் ஒவ்வொரு சமூகத்துக்கும் பங்கு என்ற வகுப்புவாரி உரிமையின் கதை ஒரு கணக்குக் கேட்பதில்தான் தொடங்கியது. எண்ணைக் கேளுங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1951-இலேயே, பம்பாய் வெள்ளி-தங்க வியாபாரிகள் சங்கத்துக்காகக் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக முத்கல் என்ற உறுப்பினர் சிக்கி, வெளியேற்றப்படும் நிலையில் பதவி விலகினார். 2005 டிசம்பரில் அதே குற்றச்சாட்டில் பதினொரு எம்.பி.க்கள் நீக்கப்பட்டார்கள். 2009 நவம்பர் 30 அன்று கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் அவைக்கே வராததால் மக்களவைக் கேள்வி நேரம் பாதியில் நின்றது. சொந்தக் கட்சி அமைச்சரிடம் ‘தங்கள் சீரிய திட்டத்தால் பயனடைந்தோர் எத்தனை பேர்?’ என்று கேட்கும் உறுப்பினர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் சட்டப்பேரவையிலும் அதைக் கேட்டிருப்பீர்கள். நன்றியில் ஆரம்பித்து நன்றியில் முடியும், நடுவில் ஒரு பேருந்து நிலையம் கேட்கப்படும், ‘நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் உட்காருவார்.

இப்போது உங்கள் கையிலுள்ள அரைப்பக்கம். அதில் ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘கவனிக்கிறேன்’ என்ற மாதிரி வாசகம் இருக்கிறதா? இருந்தால் அது வெறும் சால்ஜாப்பு அல்ல. அரசின் வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டிய வாசகங்களின் பட்டியலே நாடாளுமன்றத்தில் உண்டு. அதைப் பின்தொடர அரசு வாக்குறுதிகள் குழு 1953 முதல் மக்களவையில் இயங்குகிறது, மாநிலங்களவையில் 1972 முதல். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அவகாசம் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் இழுத்துவிட்டு ‘இந்த வாக்குறுதியைக் கைவிட அனுமதியுங்கள்’ என்று அமைச்சகங்கள் குழுவிடம் வந்து நிற்பதும் நடக்கும். அதற்கும் காரணம் எழுதித்தான் கேட்க வேண்டும். உங்கள் பதில் வாக்குறுதியாகப் பதிவாகியிருக்கிறதா என்று எம்.பி.யின் அலுவலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

பதிலில் இருக்கும் ஒரு தகவலே தவறு என்று உங்களிடம் சான்று இருந்தால் வழி வேறு. சபாநாயகரின் வழிகாட்டு நெறி 115-இன்படி உங்கள் எம்.பி. எழுத்தில் சுட்டிக்காட்டலாம். அமைச்சரிடம் விளக்கம் கேட்கப்படும். பதில் போதவில்லை, விஷயம் பெரிது என்றால் அரைமணி நேர விவாதத்துக்கும் நோட்டீஸ் கொடுக்கலாம், ஆனால் கிடைப்பது அரிது.

இவை எதற்கும் இடமில்லை என்றால் அடுத்த தொடரில் மறுபடியும் கேட்க வேண்டியதுதான். ‘நியமிக்காததற்குக் காரணம் என்ன?’ என்று இந்த முறை எழுத வேண்டாம். பழைய பதிலின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, தலைவர் பதவி எந்தத் தேதியிலிருந்து காலி, விளம்பரம் எப்போது வந்தது, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தேர்வுக் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, இந்த இடைவெளியில் ஆணையத்தில் தேங்கிய மனுக்கள் எத்தனை என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி உட்பிரிவாக இருக்கட்டும். மொத்தம் 150 சொல்லுக்குள் அடங்க வேண்டும். ஐந்தையும் ஒன்றாகச் சுருட்டிப் பதில் வந்தால் அந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள், முதல் தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.